ஏழாவது உடல்

காலை பதினோரு மணிக்கு டாக்டர் லூர்துராணி திருச்சி நீதிமன்றத்தின் பழைய வராந்தாவில் ஏறினாள். கருகிய முடியின் வாசனை அடித்தது. வேறு யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

தூணோரம் உட்கார்ந்திருந்த அமிர்தம் எழுந்து வந்தாள். தொட்டியத்துக்காரி, இறந்துபோன வேணியின் அம்மா.

"டாக்டரம்மா, எம் பொண்ணு உசுரோடவா எரிஞ்சா? அதை மட்டும் சொல்லுங்க."

"கோர்ட்டுல சொல்றேம்மா."

"இங்க சொன்னா வாய் வெந்துடுமா?"

திருவெறும்பூர் வீட்டில் வேணியின் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு, கணவன் ரஞ்சித் தீ வைத்தான் என்பது வழக்கு. சமையல் கேஸ் கசிந்த விபத்து என்றான் அவன். உயிரோடு எரிகிறவர்கள் புகையை இழுப்பார்கள். மூச்சுக்குழாயில் கரி படியும். லூர்துராணியின் பிரேதப் பரிசோதனை அறிக்கை, 'கரி இருந்தது' என்றது. அந்த ஒரு வரியில் ரஞ்சித் வீட்டுக்குப் போய்விடுவான்.

பரிசோதனை செய்த அன்றைக்கு வேணியுடையது ஏழாவது உடல். கழுத்தை அவள் திறக்கவே இல்லை. தீயில் இறந்த எல்லோருக்கும் எழுதும் வரியைக் கை தானாக எழுதியது. இரண்டு வருடமாகத் தன்னிடம்கூட அவள் அதை ஒப்புக்கொண்டதில்லை. இருபது வருடம் சேர்த்த பேரை ஒரு வரிக்காக இழப்பதா?

சாட்சிக் கூண்டில் ஏறினாள். ரஞ்சித்தின் வக்கீல் வெங்கட்ராகவன் புன்னகைத்தார்.

"மூச்சுக்குழாயைத் திறந்து பாத்தீங்களா, டாக்டர்?"

"பார்த்தேன்."

"கரி?"

"இருந்தது."

நாக்கில் சாம்பல் கசந்தது.

இருமினாள். கைக்குட்டையில் கறுப்பு.

மூச்சு உள்ளே போகவில்லை. மின்விசிறியின் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போனது. அவள் உதடு அசையாமலேயே, தொண்டையின் அடியிலிருந்து ஒரு குரல் மெல்லக் கேட்டது.

"யாரு தொண்டையில?"

லூர்துராணி கூண்டின் கட்டையைப் பற்றினாள். அமிர்தம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திறக்கல..."

ஊசிமுனை அளவு காற்று உள்ளே வந்தது.

"நான் கழுத்தைத் திறந்தே பாக்கல. எழுதினது பொய். புதைச்ச உடம்பைத் தோண்டி எடுங்க. கழுத்தெலும்பு முறிஞ்சிருக்கான்னு நானே... இல்ல, வேற யாராவது பாக்கட்டும்."

நெஞ்சு நிறைய மூச்சு வந்தது. அமிர்தம் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வாசனை மட்டும் போகவில்லை. லூர்துராணியைத் தாண்டி, எதிர்ப்பக்கம் நகர்ந்தது.

அங்கே ரஞ்சித் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைக் காலருக்கு மேலே நான்கு கரிய விரல்தடங்கள்.

ஐந்தாவது, குரல்வளையைத் தேடி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.