மூக்கைப் பிடித்து ஊற்றிய எண்ணெய்

"துணித்தூசி போயும் இருமல் போகலையே... கொஞ்ச நாள் ஒங்க வீட்டுக்குப் போயிட்டு வா. நீ இல்லாமயாவது என் பிள்ளைக்குச் சரியாகுதான்னு பாக்கேன்."

காலைக் காப்பியை வாங்கிக்கொண்டே மருமகள் ஜெப்ஸியிடம் சொன்னாள் மாமியார் அற்புதமணி. ஜெப்ஸியின் கணவன் டிக்சன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். மாதக்கணக்காக இருமி இருமி எலும்பும் தோலுமாகிவிட்டான். ஜெப்ஸி தைக்கிற துணியின் தூசிதான் காரணம் என்று அத்தை அடித்துச் சொல்ல, கல்யாணச் சீராக வந்த தையல் மெஷினை அவளும் மறுபேச்சில்லாமல் ஏரலுக்கு, அப்பா வீட்டுக்கே அனுப்பிவிட்டாள். கட்டினவன் மூச்சைவிட மெஷின் பெரிதா என்ன? இப்போது அவளையும் போகச் சொன்னால்...

"இன்னைக்கு ஸ்கேன் பாத்துட்டு வந்து போயிருதேன் அத்தை."

மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா ஸ்கேன் படத்தை உற்றுப் பார்த்தார். "நுரையீரல்ல எண்ணெய் இறங்கியிருக்கு. என்ன எண்ணெய் குடிக்கிறாரு?"

டிக்சன் தலையைக் குனிந்துகொண்டான். மகனுக்குச் சத்து ஏறட்டும் என்று அத்தை வாங்கிய மீன் எண்ணெய் மாத்திரைதான். அவனுக்கு மாத்திரை விழுங்க வராது. அதனால் அத்தை, சின்னப்பிள்ளையில் விளக்கெண்ணெய் ஊற்றிய அதே பழக்கத்தில், தினமும் விடியக்காலையில் படுத்துக்கிடப்பவனின் மூக்கைப் பிடித்து, மாத்திரையை ஊசியால் குத்தி வாயில் பிழிந்துவிடுவாள்.

"தூக்கக் கலக்கத்துல ஊத்தினா மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். யாரு ஊத்தினது?"

ஜெப்ஸி அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். பெற்றவளே பிள்ளையைக் கெடுத்தாள் என்ற பேச்சை அத்தை தாங்கமாட்டாள்.

"நான்தான் டாக்டர்."

"படிச்ச பொண்ணுதானம்மா நீ?"

"அவள ஏசாதீங்க..." அத்தை எழுந்துவிட்டாள். "ஊத்தினவ நான். பழிய அவ தலையில போட்டவளும் நான்..." அதற்குமேல் பேச முடியாமல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எண்ணெயை நிறுத்தி மருந்து சாப்பிட்டால் மெல்ல மெல்ல ஆறிவிடும் என்றார் டாக்டரம்மா. ஆறவும் செய்தது.

ஒருநாள் காலையிலேயே யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப்போன அத்தை, சாயங்காலம் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பின்னால் தையல் மெஷின் இருந்தது.

"ஒங்கப்பா ஏசுவாருன்னு பயந்துக்கிட்டே போனேன். சோறு போட்டு அனுப்புதாரு ஜெப்ஸி... என்னைய மன்னிச்சிரு தாயி."

ஜெப்ஸி அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்த அழுகை.

டிக்சனும் டிரைவரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள். மாமியாரும் மருமகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழேயே நின்று கேட்டார்கள்.

கடைசிப் படி வரைக்கும் இருமல் சத்தம் வரவில்லை.