வெயிலில் வளைந்த இசைத்தட்டு

ஷெரோமிக்குப் பதினொரு வயது. கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி வீடு அவளுடையது. ஒரு நல்ல காரியம் செய்யப்போய் அவள் வசமாக மாட்டிக்கொண்டது ஒரு சனிக்கிழமை காலையில்.

அன்றைக்குத்தான் பிறிஜெற் பெரியம்மா களுபோவில ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வர இருந்தார். முழங்காலில் ஒப்பரேஷன். அழைத்துவர அம்மா போயிருந்தார்.

அம்மாவின் அக்காவான அவர் இவர்கள் வீட்டில்தான் வசித்தார். கஞ்சி போட்ட சேலை, இறுக்கிய கொண்டை, கையில் குடை என்று தினமும் கந்தோருக்கு வேலைக்குப் போய்வருவார். அவர் பதினேழு வயதில் பங்க் இசைப் பைத்தியமாக இருந்தார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கித்தாரைப் போட்டு அடித்து, தொண்டை கிழியக் கத்துகிற பாட்டுகள் அவை! எண்பதுகளில், கப்பலில் வேலை செய்த அயலவர் ஒருவர் லண்டனிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பன்னிரண்டு இசைத்தட்டுகள் இன்னும் பெரியம்மாவின் கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டியில் இருந்தன.

றெக்கோட் பிளேயர் பழுதாகி இருபது வருடம். போன மாதம்தான் புறக்கோட்டையில் ஒருவர் அதைத் திருத்திக் கொடுத்தார். கேட்பதற்குள் முழங்கால் மக்கர் பண்ணிவிட்டது.

"வந்த உடன அந்த மஞ்சள் கவர் றெக்கோட்டைத்தான் போடோணும், ஷெரோ," என்று முந்தின நாள் போனில் சொன்னார் பெரியம்மா. "அதை நினைச்சுத்தான் இஞ்ச கசப்பு மருந்தெல்லாம் குடிச்சுக்கொண்டு கிடக்கிறன்."

காலையில் ஷெரோமி பெட்டியைத் திறந்து பார்த்தாள். தூசியும் பூஞ்சணமும். பாவம் பெரியம்மா, இதையா போட்டுக் கேட்பது? ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். காயட்டும் என்று பல்கனியில் வரிசையாகச் சாத்தி வைத்தாள். பிறகு, கீழ்வீட்டு பைறோஸா அன்ரி சாப்பிடக் கூப்பிட, இறங்கிப் போனாள்.

ஒரு மணி நேரம் கழித்து, அன்ரியின் மகள் அர்பாவோடு மேலே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பதினொரு தட்டுகள் சுவர் நிழலில் நன்றாக இருந்தன. கடைசியில் நின்ற தட்டில் மட்டும் வெயில் சுள்ளென்று விழுந்திருந்தது. அது பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது.

மஞ்சள் உறைக்குரிய தட்டு.

"ஐயோ!" ஷெரோமிக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரியம்மா இதைத்தானே கேக்க வாறா!"

"அழாத," என்றாள் அர்பா. "அயன் பண்ணிப் பாப்பமா?"

"விசரா உனக்கு? உருகிப்போகும்!"

ஷெரோமி தட்டைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக, கொஞ்சம் இளகியிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள்.

"அர்பா, சூட்டில இளகித்தானே இது வளைஞ்சது? இளகி இருக்கேக்கையே தட்டையா அமத்திப் பிடிச்சா நேராகாதோ?"

"எதால அமத்துற? பலகைண்டா கீறுமே."

ஷெரோமியின் பார்வை அறைக்குள் ஓடியது. கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலுமாரியில் போய் நின்றது. அதன் அடுக்குப் பலகைகளெல்லாம் தடித்த கண்ணாடி!

"உம்மாவக் கூட்டி வாறன்," என்று அர்பா ஓடினாள். "நாம தொட்டா கைய வெட்டிரும்."

பைறோஸா அன்ரி மூச்சு வாங்க வந்து, கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். ஆனாலும் கோப்பைகளை இறக்கிவிட்டு, இரண்டு கண்ணாடிகளை மெல்ல உருவித் தந்தார். இசைத்தட்டை நடுவில் வைத்து வெயிலில் கிடத்தினார்கள். மேல் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. முழுவதும் படிந்ததும் அன்ரி எல்லாவற்றையும் நிழலுக்குத் தூக்கி வந்தார். அதன்மேல் அகராதி, பைபிள், ஐந்து கிலோ அரிசிப் பை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் ஏற்றினாள் ஷெரோமி.

"ஆறும் வரைக்கும் எடுக்கக் கூடாது," என்றாள்.

அர்பா மூன்று தரம் எடுக்கப் பார்த்தாள். ஷெரோமி மூன்று தரமும் அவள் கையில் ஒரு அடி போட்டாள்.

இரண்டு மணிக்குக் கீழே முச்சக்கர வண்டிச் சத்தம் கேட்டது. அவசரமாகக் கண்ணாடியை நீக்கினார்கள்.

தட்டு நேராக இருந்தது! ஓரத்தில் மட்டும் சின்ன நெளிவு.

"கவருக்குள்ள போடு. ஒத்தருக்கும் விளங்காது," என்று கிசுகிசுத்தாள் அர்பா.

ஷெரோமி உறையைக் கையில் எடுத்தாள். போட மனம் வரவில்லை. ஊன்றுகோலோடும் அம்மாவின் துணையோடும் பெரியம்மா படியேறி வந்து உட்காரும்வரை காத்திருந்தாள். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

பெரியம்மா தட்டை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்துச் சுழற்றிப் பார்த்தார். 

"போடு பாப்பம்," என்றார் கடைசியில்.

தட்டு சுழன்றது. ஊசி, அலையில் போகிற வள்ளம் போல ஏறி இறங்கியது. கரகரவென்று ஒரு சத்தம். அடுத்த கணம், டமார் டமார் என்று மேளமும் கித்தாரும் வீட்டையே உலுக்கின. ஒரு மனிதர் தொண்டை கிழியக் கத்தினார்.

ஷெரோமிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இது பழுதாகிட்டுதா, இல்ல பாட்டே இப்பிடியா?" என்று காதைப் பொத்தியபடி கேட்டாள் அர்பா.

"பாட்டே இப்பிடித்தான் மகள்!" பெரியம்மாவின் கண்கள் மின்னின. நல்ல காலால் தாளம் போட்டார். "ஒரு கீறலும் இல்ல! அம்பது வருஷம் ஆனாலும் இந்தச் சனியன் சத்தம் குறையாது போல!"

அப்போது குசினிக்குள்ளிருந்து இன்னொரு கத்தல் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். தேநீர்த் தட்டும் கையுமாக நின்ற அம்மா, அந்தப் பாட்டின் ஒரு சொல்கூடத் தவறாமல் முழுத் தொண்டையில் கூடவே பாடிக்கொண்டிருந்தார்!

"அம்மா! உங்களுக்கும் தெரியுமோ?"

"ஒரே அறையில படுத்தனாங்கள்," என்றார் அம்மா வெட்கத்தோடு. "தெரியாம இருக்கேலுமோ?"

பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாட்டு முடிந்ததும் பெட்டியை ஷெரோமியின் பக்கம் தள்ளினார்.

"அடுத்தது நீ எடு. உனக்குப் பிடிச்ச கவரா பாத்து எடு."

ஷெரோமி துணியில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஊதா உறைக்குள்ளிருந்த தட்டை இரண்டு கையாலும் வெளியே எடுத்தாள்.