மூன்றாவது குழாய்

"பதினொரு மாட்டுக்கும் காசநோய் இல்லைன்னு எழுதிக் கொடுத்தாங்க. அப்புறம் என் வீட்டுக்காரருக்கு மாட்டுக் காசநோய் எங்கேயிருந்து சார் வந்துச்சு?"

பால் பண்ணைக்காரி போன கோடையின் ஆய்வக அறிக்கையைத் துப்பறிவாளரின் மேசைமேல் வைத்தாள். கணவர் இறந்து நாற்பது நாள். கறந்த பாலைச் சூடு ஆறுமுன் அப்படியே குடிப்பவர். பிறகு செவலைப் பசுவும் செத்தது. அறுத்துப் பார்த்தால் நுரையீரல் முழுக்கக் கட்டிகள்.

"யாரோ ரத்தத்தை மாத்திட்டாங்க!" உதவியாளர் துள்ளி எழுந்தாள்.

"உட்காரும்மா. நாற்காலி மேல எனக்குச் சந்தேகமில்லை," என்றார் துப்பறிவாளர்.

மறுநாள் பண்ணைக்காரியும் ஆய்வகத்துக்கு வந்தாள். மாடுகளுக்கு ரத்தம் எடுத்த கால்நடை மருத்துவரும் அங்கே இருந்தார். துப்பறிவாளர் பதிவேட்டைப் புரட்டினார். ரத்தத்தோடு பெட்டியில் வந்த படிவம் அதில் செருகியிருந்தது. தாள் சுருங்கி, மை கரைந்திருந்தது.

"ஒரு மாட்டு ரத்தத்துக்கு மூணு குழாய் எதுக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணு சும்மா. ரெண்டாவதுல நோய்க் கிருமியோட புரதம், நோய் இருந்தா ரத்தம் அதுக்கு எதிர்வினை காட்டும்," என்றார் ஆய்வகக்காரர். "மூணாவதுல உயிருள்ள எந்த ரத்தத்தையும் தூண்டிவிடுற மருந்து."

"அந்த மூணாவதுலயும் பதினொரு மாட்டுக்கும் பூஜ்ஜியம். ரத்தம் மாறலை, செத்துப்போயிருக்கு. சோதனை செல்லாதுன்னு எழுதாம, நோய் இல்லைன்னு எழுதிட்டீங்க."

"மூணாவதோட கணக்கை மேலதிகாரிங்க யாரும் கேட்கறதில்லை சார்."

"ரத்தம் எப்படிச் செத்துச்சு?" என்றாள் உதவியாளர்.

"மை கரைஞ்சிருக்கே, ஐஸ் தண்ணி. இந்தச் சோதனைக்கு ரத்தம் குளிரக் கூடாது," என்றார் துப்பறிவாளர்.

"நான் ஐஸ் வைக்கலை," என்றார் மருத்துவர். "வண்டி வரலைன்னு பெட்டியைப் பண்ணையில விட்டுட்டுப் போனேன். ஐஸ் படக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கணும்."

பண்ணைக்காரி முன்னே வந்தாள்.

"வெயில் ஏறுச்சு. பால் மாதிரி கெட்டுடுமேன்னு நான்தான் ஐஸை அள்ளிக் கொட்டினேன்."

புகார் எழுதிக்கொண்டிருந்த உதவியாளரின் பேனா நின்றது. "உங்க மேல தப்பில்லைக்கா."

"செவலை இருமுதே, பாலைக் குடிக்கலாமான்னு என் வீட்டுக்காரரு கேட்டாரு. இந்தத் தாளைப் படிச்சுக் காட்டி டம்ளரை நீட்டினது யாரு?"

ஆய்வகக்காரர் பதிவேட்டை மூடப்போனார். துப்பறிவாளர் அதன்மேல் கையை வைத்தார்.

"ஏம்மா நிறுத்திட்டே?" என்றாள் பண்ணைக்காரி. "ஐஸையும் எழுது. இன்னொருத்தி கொட்டிடப் போறா."