வேலைச் செய்தியும் வீட்டுச் செய்தியும்

“மெதுவா! மனுஷி கையா, மரக்கட்டையா? இப்படி இழுக்கறே!”

காலையிலேயே மாமியாரின் குரல் ஏறிவிட்டது.  அவள் அவருடைய விழுந்துபோன வலது கையைத் தன் உள்ளங்கையில் தாங்கி, சட்டைக் கைக்குள் நுழைத்தாள். பிறகு கழுத்திலிருந்து ஒவ்வொரு பொத்தானாக மாட்டிக்கொண்டு வந்தாள். பக்கவாதம் வந்த நாளிலிருந்து இந்த வேலையை அவளைத் தவிர யாரும் செய்ததில்லை. பெற்ற மகள் வந்து நின்றால்கூட மாமியார் விடமாட்டார். திட்டுவதற்கும் பழகிய ஆள் வேண்டும் அல்லவா!

“இன்னிக்கு உங்க காலேஜ் பட்டாளம் வருதாமே?”

“ஆமா அத்தை. மதியத்துக்கு மேல வருவாங்க.”

“ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பதவி. நீ என்ன சொல்லிக்கப்போறே? மாமியாருக்குப் பொத்தான் மாட்டறேன்னா?” மாமியார் பெருமூச்சு விட்டார். “தபாலாபீஸ்ல என் ஆயுசையே போட்டேன். ஒரு மெமோ வாங்கினதில்ல. அவங்க படிச்ச அதே படிப்பு படிச்சும் வேலைய விட்டுத் துரத்திட்டாங்களே உன்னை... என் பையன் தலையெழுத்து!”

அவள் கடைசிப் பொத்தானை மாட்டிவிட்டு எழுந்தாள். இந்தப் பேச்சு அவளுக்குப் புதிதல்ல. புதிதாக இருந்தது வேறொன்று. ஒரு வாரமாக வீட்டில் யாருக்கும் தெரியாமல் அவள் மனத்துக்குள் ஒரு ஆசையை வைத்துக்கொண்டு திரிந்தாள். 

அவளும் அவள் கணவனும் வணிக மேலாண்மைக் கல்லூரியில் ஒரே வகுப்பு. அந்த நாளில் அவளுக்கு ‘கால்குலேட்டர்’ என்று பட்டப்பெயர். பரீட்சைக்கு முந்தின நாள் அவளுடைய மேசையைச் சுற்றித்தான் பாதி வகுப்பு உட்கார்ந்திருக்கும், அவனும்தான். அந்த வகுப்பில் ‘லேட்டு’ என்று ஒருத்தி. ஒரு நாளும் நேரத்துக்கு வராதவள், இப்போது ஒரு பெரிய நிறுவனத்தின் இயக்குநர். அவர்கள் இந்த ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள், கணக்குத் துறையைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று வகுப்புக் குழுவில் போட்டிருந்தாள். அதைப் பார்த்த அன்றே இவள் தயங்கித் தயங்கி அவளை அழைத்துக் கேட்டுவிட்டாள். ‘நேர்ல வர்றேன்டி, பேசுவோம்’ என்றிருந்தாள் லேட்டு.

தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த கணவனிடம் அதைச் சொன்னபோது அவன் முகம் வெளுத்துவிட்டது.

“இப்ப எதுக்கு இது? பழைய வேலையப் பத்திப் பேச்சு வரும். அம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சா?”

“நான் அதைச் சொல்லப்போறதில்ல. வேலைக்குப் போறேன்னு மட்டும்தான் சொல்றேன்.”

விஷயம் இதுதான். அவளை யாரும் துரத்தவில்லை. மாமியார் விழுந்தபோது இருவரும் வேலையில் இருந்தார்கள். யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். மாமியாரோ படுக்கையிலிருந்தே, ‘எனக்காக யாராவது வேலைய விட்டீங்கன்னா அன்னிக்கே நான் முதியோர் இல்லத்துக்குப் போயிடுவேன்’ என்று சத்தியம் செய்திருந்தார். சொன்னால் செய்கிற மனுஷி. அதனால் கணவன் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தான். அவளுக்கு வேலை போய்விட்டது, எப்படியும் வீட்டில்தான் இருக்கப்போகிறாள் என்று. அவளும் தலையாட்டினாள். இரண்டு மாதத்துப் பொய் என்றுதான் நினைத்தாள். அந்தப் பொய்க்குப் பிறகு அவர்கள் மகன் பிறந்து, வளர்ந்து, படித்து, வேலை தேடி வெளியூரே போய்விட்டான்!

மதியம் வீடு நிறைந்தது. கூடத்து ஓரத்தில் சக்கர நாற்காலியில் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வகுப்புச் சேதிகளை எல்லாருக்கும் பரப்புவதால் ‘வானொலி’ என்று பெயர் வாங்கியவர் எழுந்து கைதட்டினார்.

“வழக்கம்போல ஆளுக்கு ரெண்டு வரி! வேலைச் செய்தி ஒண்ணு, வீட்டுச் செய்தி ஒண்ணு. ஜோடிக்கு ஒரே முறை!”

இந்த வகுப்பில் இது பழைய வழக்கம். ஒருவன் துணைத் தலைவர் ஆகியிருந்தான். மகன் மருத்துவம் படிக்கிறான். ஒருத்தி சொந்தத் தொழில் தொடங்கியிருந்தாள், கணவனைப் பிரிந்துவிட்டாள். தலை நரைத்த ஒருவர், “வேலை போச்சு. பொண்ணு கல்யாணம் ஆச்சு. எதை முதல்ல சொல்றதுன்னு தெரியல” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவரைத் தவிர.

அவள் கணவன் எழுந்தான். “வேலைல ஒரு படி மேல போயிருக்கேன். வீட்ல அம்மா நல்லா இருக்காங்க, இவ பாத்துக்கறா.” உட்கார்ந்துவிட்டான். ஜோடிக்கு ஒரே முறை. அவள் முறை அதோடு முடிந்தது, ஒவ்வொரு வருடமும் முடிவதைப் போல.

அப்போதுதான் லேட்டு மூச்சு வாங்க உள்ளே நுழைந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என் செய்தி ஒண்ணுதான்! இவளைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். எங்க புதுக் கிளைக் கணக்கு இனிமே இவ கையில!”

“வேண்டாம்மா...”

எல்லாரும் திரும்பினார்கள். பேசியது மாமியார்.

“நீ நல்ல பொண்ணு, சிநேகத்துக்காகக் கேக்கறே. பின்னால உன் பேரு கெடக்கூடாது பாரு. இவளை ஒரு தடவை வேலைய விட்டுத் துரத்தியிருக்காங்க. தெரிஞ்சும் சொல்லாம இருந்தா தப்பு.”

 அவள் கணவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லமாட்டானா! அவன் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் அவளுக்கு வேலை கிடைக்கும். ஆனால் கிழவியின் உயிர் துடித்துவிடும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கோப்பைகளை எடுக்கக் குனிந்தாள்.

லேட்டு வேடிக்கைப் பேச்சென்று நினைத்துச் சிரித்தாள். “துரத்தினாங்களா? இவளையா? அம்மா, அதே ஆபீஸ்ல நானும்தான் இருந்தேன். மேலாளரா பதவி உயர்வு குடுத்த வாரம் இவ ராஜினாமா எழுதிக்குடுத்துட்டு வந்தா. மாமியாருக்கு முடியலன்னு...”

“ஏய், போதும்டி!” அவள் கத்திவிட்டாள். கோப்பை ஒன்று தரையில் விழுந்து உடைந்தது.

லேட்டு நிறுத்தவில்லை. அவள் குரல் மட்டும் தணிந்தது. “இவ விட்டுட்டு வந்த நாற்காலிலதான் என்னை உக்கார வச்சாங்க. நான் இன்னிக்கு இயக்குநர். இது எனக்குத் தெரியாம வேற யாருக்கும்மா தெரியும்?”

மாமியார் மகனைப் பார்த்தார். “நிஜமாடா?”

“அம்மா... நீ இல்லத்துக்குப் போயிடுவேன்னு சொன்னதால...”

 மாமியார் இடது கையால் சக்கரத்தைத் தள்ளினார். நாற்காலி நேராகப் போகாமல் சுற்றிச் சுற்றிக் கதவு நிலையில் இடித்தது. அவள் ஓடிவந்து பிடித்தாள்.

“தொடாதே!”

வந்தவர்கள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கிளம்பிப் போனார்கள். உடைந்த கோப்பையைப் பொறுக்கிக்கொண்டிருந்த அவளருகில் கணவன் வந்து குந்தினான்.

“ரெண்டு மாசத்துக்குன்னுதான் நினைச்சேன்...”

கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் காதில் விழுமே என்று அவனை ‘நீங்க’ என்று அழைத்துப் பழகியவள், அன்று பழைய வகுப்புத் தோழியாக நிமிர்ந்தாள். “ரெண்டு மாசம் கழிச்சு நீ ஏன் சொல்லல?”

 “பழகிப்போச்சு...” என்றான் அவன். கண் கலங்கியிருந்தது. அவளுக்கு அவனைத் தேற்றத் தோன்றவில்லை.

சாயங்காலம் அறைக்குள் எட்டிப் பார்த்தபோது மாமியார் பைக்குள் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையில் எதுவும் மடியவில்லை.

“எங்க அத்தை கிளம்பறீங்க?”

“எப்பவோ போயிருக்க வேண்டிய இடத்துக்கு. நான் கேட்டேனாடி உன்னை? வேலைய விடுன்னு கேட்டேனா? தினமும் உன்னை வாய்க்கு வந்தபடி பேசினேனே... நீயும் கேட்டுக்கிட்டு எனக்குப் பொத்தான் மாட்டினியே! என்னை எவ்வளவு பெரிய பாவியாக்கிட்டீங்க ரெண்டு பேரும்!”

“உங்களுக்குத் தெரியாதே அத்தை...”

“தெரியாம திட்டினா வலிக்காதா?”

அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. இத்தனை காலமும் உள்ளே அடக்கிவைத்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது.

“வலிச்சுது அத்தை! தினமும் வலிச்சுது. உங்களை வெறுத்த நாளும் உண்டு. ஆனா இன்னிக்கு நீங்க பையைத் தூக்கிட்டுப் போனீங்கன்னா... நான் எதுக்காக எல்லாத்தையும் விட்டேன்? யாருக்காகக் கேட்டுக்கிட்டிருந்தேன்? எனக்குன்னு மிஞ்சினது நீங்க மட்டும்தான். அதையும் எடுத்துட்டுப் போகாதீங்க...”

மாமியாரின் கையிலிருந்து துணி நழுவியது. அந்த ஒற்றைக் கை அவள் கழுத்தைச் சுற்றி வளைத்து இழுத்தது. இரண்டு பெண்களும் வாய்விட்டு அழுதார்கள். வாசல்படியில் நின்ற கணவனை இருவருமே உள்ளே கூப்பிடவில்லை.

“இருக்கேன்” என்றார் மாமியார் வெகுநேரம் கழித்து. “ஆனா நீ வேலைக்குப் போகணும். போகலன்னா நான் போயிடுவேன். என்னைப் பத்தித் தெரியுமில்ல?”

லேட்டு வேலையைக் கொடுத்தாள். மேலாளர் பதவியல்ல, நடுவில் போன வருடங்களுக்கு யார் பதவி கொடுப்பார்கள்? ஓராண்டு ஒப்பந்தம், அவள் மகன் வயதுப் பிள்ளைகளோடு ஒரு மேசை. பகலில் மாமியாரைக் கவனிக்க ஒரு நர்ஸுக்கும் ஏற்பாடாயிற்று.

முதல் நாள் காலை. வழக்கம்போல மாமியாருக்கு உடை மாற்ற அறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மாமியார் உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. எப்போது எழுந்து ஆரம்பித்தாரோ! வகிடு கோணிக்கொண்டு போயிருந்தது. சட்டைப் பொத்தான்கள் ஒன்று தள்ளி ஒன்றாக மாட்டப்பட்டு, கழுத்துப் பட்டி ஒரு பக்கம் காதருகே ஏறியிருந்தது. பிய்ந்துபோன ஒரு பொத்தான் கட்டிலடியில் கிடந்தது.

“பாத்தியா? எல்லாம் வருது எனக்கு. இத்தனை வருஷம் சும்மா உன்னை வேலை வாங்கியிருக்கேன். எந்தக் கஷ்டமும் இல்ல.”

அவள் கை தானாகப் பொத்தானை நோக்கி நீண்டது. மாமியாரின் கண்கள் அந்தக் கையையே பார்த்தன, பயத்தோடு. அந்தப் பார்வை அவளுக்குப் புரிந்தது. ஒரு காலத்தில் அவருக்காக இவர்கள் சொன்னதைப் போல ஒரு பொய்யை இப்போது அவளுக்காக அவர் சொல்கிறார். அவள் கையை மடக்கி, அந்தத் தோளின்மேல் வைத்தாள்.

“அழகா போட்டிருக்கீங்க அத்தை.”

“பின்னே?” மாமியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.  “நின்னுகிட்டே இருக்காதே, கிளம்பு! மொத நாளே லேட்டா போனா மெமோ குடுத்துடப் போறாங்க...”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.