மூன்றாவது வரி இடிக்கிறது

தலை துவட்டிக்கொண்டு வரத்தான் வெளியே போனாள் இலிங்கா. திரும்பி வந்தால், நெட்டையாக ஒருவன் அவள் எழுதிய கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்!

யாஷ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கணித முனைவர் பட்டத்துக்கான அவளுடைய உரை அன்றைக்குத்தான். மழையில் ஓடிவந்து, பலகை நிறைய எழுதி வைத்த நிரூபணம்...

"ஹலோ! என்ன பண்றீங்க?"

திரும்பினான். கண்ணாடியெல்லாம் சாக்பீஸ் தூள். அதற்குப் பின்னால் சாம்பல் நிறக் கண்கள்... சே, கண்ணைப் பார்க்கிற நேரமா இது?

"அழிக்காதீர்கள்னு அவ்ளோ பெரிசா எழுதியிருந்தேனே!"

"அதைத்தாங்க முதல்ல அழிச்சிட்டேன் போல..." அசடு வழிந்தான். "நான் ஹோரியா. புள்ளியியலுக்குப் புதுசா வந்த விரிவுரையாளர். வகுப்பு எடுக்க அறை மாறி வந்துட்டேன். ஒண்ணு சொல்லவா? அந்த மூணாவது வரி... இடிக்குது."

"நீங்க எனக்குப் பாடம் எடுக்க வேணாம்!"

அவசரமாக மறுபடி எழுதினாள். உரை மூன்றாவது வரியை எட்டியதுமே தேர்வாளரான பேராசிரியர் மன்ச்சு கையை உயர்த்தினார்.

"இது எப்படிம்மா வரும்?"

வரவில்லைதான். மூன்றாவது வரி நிஜமாகவே இடித்தது.

"சரிபண்ணிட்டு வா. பட்டத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்."

பின்வரிசையில் ஹோரியா தலைகுனிந்திருந்தான். சிரித்திருந்தாலாவது திட்டியிருக்கலாம்... பாவமாக உட்கார்ந்திருக்கிறானே, அதுதான் தாங்கவில்லை!

அதற்குப் பிறகு அவன் உணவகத்துக்குள் நுழைந்தால், அவள் சூப்பைப் பாதியில் விட்டு எழுந்தாள். வீம்பாக உட்கார்ந்து, கோடை தொடங்கி லிண்டன் மரங்கள் பூக்கும் சமயத்தில் ஒருவழியாக அந்த ஓட்டையை அடைத்தாள். மன்ச்சு சரியென்று தலையசைத்தார். அன்றைக்கே, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க ஹோரியாவின் அறைக்குப் போனாள்.

கதவைத் திறந்தால், மேசை முழுக்க அவள் ஆய்வு செய்யும் இடவியல் என்கிற கணிதப் பிரிவின் புத்தகங்கள்.

"இதெல்லாம் எதுக்கு? நீங்கதான் பெரிய மேதையாச்சே!"

"எனக்கு இடவியலே தெரியாதுங்க. அன்னிக்கு அந்த ஒரு வரிதான் புரிஞ்சுது..." காது சிவந்தது. "என்னிக்காவது நீங்க என்கிட்ட பேசினா, முழிக்கக் கூடாதேன்னு மிச்சத்தையும் படிக்கறேன்."

கேட்க வந்ததை விட்டுவிட்டு, அவன் முன்னால் விரிந்து கிடந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தாள்.

"புரியுதா?"

"ஒரு மண்ணும் புரியலை..."

"அப்ப எதுக்குப் படிச்சு உயிரை விடறீங்க?"

"உங்களைப் பிடிச்சிருக்கு. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"வாயாலதான் சொல்லணும்!" அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவளுக்கு. நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "எனக்கும் உங்களைப் பிடிச்சுத் தொலைச்சிருக்கு... அந்தப் புத்தகத்தை இப்படிக் கொடுங்க. எந்தப் பக்கம் புரியலை?"