ஏலத்தில் ஒரு துண்டு மெமரி

"அந்த நீலச் சட்டைக்கு என்ன, கிறுக்கா பிடிச்சிருக்கு!"

பல்லைக் கடித்துக்கொண்டு, பின்வரிசை நீலச் சட்டைக்காரனைத் திரும்பி முறைத்தாள் ஸ்மைலின்.

தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை ஏலம். பந்தலுக்கு வெளியே ஐப்பசி மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஏத்தன் வாழைக்குலை போயிற்று, மரச்சீனிக் கிழங்கு போயிற்று, கால் கட்டிய சிவப்புச் சேவல்கூட நல்ல விலைக்குப் போயிற்று. அவரவர் தொழிலில் கிடைத்ததில் ஒன்றைக் காணிக்கையாக வைப்பதும், அதை ஏலம் போட்டுச் சபைக்குச் சேர்ப்பதும்தானே வழக்கம்? மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜினோவுக்கு வேறு என்ன விளையும்? மேசைக்கு அடியில் அகப்பட்ட பழைய ரேம் மெமரி ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டான்.

ஒரு சாண்கூட வராத பச்சைப் பட்டை. அதற்காக ஸ்மைலின் ஏறி இறங்காத கடை இல்லை. "அது பழைய மாடல்லா மக்கா, இப்ப வாறதே இல்ல" என்பதுதான் எங்கும் பதில். வீட்டில் அவளுடைய கிழட்டுக் கம்ப்யூட்டர் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணும்போதெல்லாம் சரியாக மாலை மாற்றும் இடத்தில் நின்றுவிடும். மாப்பிள்ளை மாலையைத் தூக்கியபடியே அரை மணி நேரம் நிற்பான், பாவம்!

அப்பா ரசலையன் தீர்த்துச் சொல்லிவிட்டார். "சாகப்போற சாதனத்துக்கு எதுக்குட்டி செலவு? திங்கக்கிழமை பழைய இரும்புக்காரன் வாறான், தூக்கிக் குடுத்துருவேன். நீ மாமாவுக்க ஜவுளிக்கடையில பில்லு போடப் போ."

"அப்பா, ஒரு மெமரி போட்டா இன்னும் ரெண்டு வருசம் ஓடும்ப்பா!"

"எங்க, கொண்டா பாப்போம்."

இதோ, கண்ணெதிரே இருக்கிறது... கைக்கு வரவில்லை. அவள் கேட்டால் நீலச் சட்டை கூட்டிக் கேட்கிறது. அவள் முறைத்தால் அது சிரிக்கிறது. சிரிக்கிற கண் வேறு... அழகான கண்தான், அதற்காக?

அவள் பர்சில் இருந்ததை விலை தாண்டிவிட்டது. "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" என்று மணியை அடித்தார் சபைச் செயலர் ஜஸ்டஸ்.

நீலச் சட்டை எழுந்து நின்றது. "இத திரும்ப ஏலத்துக்கே குடுக்கேன்."

எடுத்த பொருளைத் திரும்பக் கொடுத்து முதல் விலையிலிருந்து மறுபடி ஏலம் போட வைப்பதும் அங்கே வழக்கம்தான். அப்பாடா! ஸ்மைலினுக்கு உயிர் வந்தது. நல்ல பிள்ளையைப் போய்த் திட்டிவிட்டோமே...

அவள் கேட்டாள். போட்டிக்கு ஆளில்லை. "ஒரு தரம்... ரெண்டு தரம்..."

மனசு கேட்காமல் திரும்பி, நன்றியோடு ஒரு சின்னச் சிரிப்பு சிரித்தாள்.

அவன் கையைத் தூக்கிவிட்டான்!

மெமரி மறுபடி அவனுக்கே. பந்தலே கொல்லென்று சிரித்தது. முகம் சிவந்துபோய், குடைகூட எடுக்காமல் மழையில் இறங்கினாள் ஸ்மைலின். பின்னாலேயே செருப்புச் சத்தம்...

"நில்லுங்க... இந்தாங்க, நீங்களே வச்சுக்கிடுங்க."

"ஊருக்கு முன்னால என்னைக் கோமாளி ஆக்கியாச்சு. இனி ஓசி வேறயா? உங்க பவுசு எனக்கு வேண்டாம்!"

மழைத்துளி அவள் இமையில் நின்று நடுங்கியது. அவள் ஆட்டோ ஏறிப் போயே விட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் புத்தி வந்தது. வீம்புக்கு ஒரு குறைச்சலும் இல்லை, மெமரிதான் இல்லை! படுத்துக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை இரும்புக்காரன் வந்து சாக்கை விரித்துவிட்டான். ரசலையன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, எதிரே நீலச் சட்டை, பாலிதீன் கவரோடு.

"நீ யாரு மக்கா?"

"உங்க சபையில உள்ள சத்தியபாய்க்க அக்கா மகன், ஷிஜின். வீட்ட அவங்கதான் காட்டித் தந்தாங்க. கீரிப்பாறையில ரப்பர் பால் ஆலையில வேலை. இத... இவங்ககிட்ட..."

ஸ்மைலின் வாசற்படியில் நின்றாள். கவரைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள். வீம்பை மென்று விழுங்கினாள்.

"தாங்க" என்றாள்.

கம்ப்யூட்டரை மேசைக்குத் திரும்பக் கொண்டுவந்து மூடியைக் கழற்றினாள். பட்டையின் முனையைப் பென்சில் ரப்பரால் துடைத்துப் பொருத்தினாள். பொத்தானை அழுத்தினாள். கர்த்தரே... திரை கறுப்பாகவே கிடந்தது... கிடந்தது... ஒரு பீப் சத்தம்! ஆல்பம் திறந்தது. கிடுகிடுவென்று பக்கம் புரண்டது. இத்தனை நாள் மாலையைத் தூக்கிக்கொண்டு நின்ற மாப்பிள்ளை அடுத்த பக்கத்தில் ஒருவழியாகப் போட்டேவிட்டான்.

ரசலையன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "ஓடுகுதே!" என்று இரும்புக்காரனைப் பார்த்தார். "நீ சாக்கைச் சுருட்டு. தம்பி, இரி, சாயா குடிச்சிட்டுப் போலாம்." உள்ளே போனார்.

ஸ்மைலின் அவன் பக்கம் திரும்பினாள். "இத எனக்குத் தந்துட்டா, உங்க கம்ப்யூட்டருக்கு?"

"அது பரவாயில்ல..."

"உங்களுது என்ன மாடல்?"

"அது... கறுப்பு."

"நெறமா கேட்டேன்?"

அவன் காதெல்லாம் சிவந்தது. "எனக்கு கம்ப்யூட்டரே கிடையாது."

"பின்ன என்ன எழவுக்கு ஏலம் கேட்டீங்க!"

"முதல்ல கொசு அடிக்கத்தான் கையைத் தூக்குனேன். செயலரு ஏலம்னு எடுத்துக்கிட்டாரு. அப்ப நீங்க திரும்பிப் பாத்தீங்க..."

"பாத்தா?"

"கேட்டாத்தான் திரும்புவீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்குப் பெறவு நிறுத்த முடியல்ல. உங்களுக்குக் கிடைக்கட்டும்னுதான் திரும்பக் குடுத்தேன், ரெண்டாவது தடவ சிரிக்க வேற செஞ்சீங்க... கை எனக்க பேச்சக் கேக்கல்ல. எனக்கு உங்களப் பிடிச்சுப்போச்சு."

வெளியே மழை மறுபடி பிடித்தது. சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது அவளுக்கு. எத்தனை பெரிய கிறுக்கன்! இந்தக் கிறுக்கனையா இரண்டு நாளாகத் திட்டிக்கொண்டிருந்தோம்? உள்ளே சாயா ஆற்றும் சத்தம் கேட்டது. அவள் மவுஸைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கும்தான்... ஆனா இனி ஏலம் ஒண்ணும் கேக்கண்டாம்."

"பின்ன?"

"பேரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டாப் போதும்... திரும்பிப் பாப்பேன்."