நாலு சுவர், நாலு நிறம்

முத்துமீனாவின் வீடு ஒரே ஓர் அறைதான். ஆனால் அந்த அறையின் நான்கு சுவர்களும் நான்கு நிறம்.

அவளுடைய அப்பா சோணைமுத்து பெயிண்டர். வேலை முடிந்ததும் சில வீட்டுக்காரர்கள், "மிச்சத்தை நீங்களே கொண்டுபோங்க" என்று டப்பாவைக் கொடுத்துவிடுவார்கள். ஒரு டப்பாவில் மிஞ்சுவது ஒரு சுவருக்குத்தான் வரும். திருமங்கலத்துக் கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய ரோஸ் ஒரு சுவரில். நாகமலை புதுக்கோட்டையில் மிஞ்சிய கிளிப்பச்சை எதிர்ச் சுவரில். மூன்றாவது வானநீலம். நான்காவது மஞ்சள். அது பாதியில் தீர்ந்துபோனதால், மேலே ஒரு மஞ்சள், கீழே வேறொரு மஞ்சள்.

பழங்காநத்தம் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு வீடு கிடைக்காது. முத்துமீனாவுக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அதனால்தான், "உங்கள் வீட்டை வரையுங்கள்" என்று லேனா அக்கா சொன்னதும், அவள் முதலில் ரோஸ் பெயிண்டைத் தேடி எடுத்தாள்.

லேனா அக்கா நார்வேயிலிருந்து வந்தவர். கோடை விடுமுறையில் தெருப்பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்க, சம்பளம் வாங்காமல், அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தார். மதுரை வெயிலில் அவருடைய மூக்கு தக்காளி மாதிரி சிவந்திருந்தது. தமிழ் தெரியாது. அவர் பேசுவதைச் செல்வக்குமார் சார் தமிழில் சொல்வார். வகுப்பை ஏற்பாடு செய்த சங்கத்தில் அவர்தான் எல்லா வேலையையும் பார்ப்பவர்.

முத்துமீனாவின் படத்தைப் பார்த்ததும் லேனா அக்காவின் கண்கள் விரிந்தன. ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொன்னார்.

"ரொம்ப நல்லா இருக்காம். உங்க படமெல்லாம் அவங்க ஊருக்குப் போகுது. அங்கே கண்காட்சி வைக்கப் போறாங்க" என்றார் செல்வக்குமார் சார்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அழகுராஜா மட்டும் கையைத் தூக்கினான். "சார், படம் ஏரோபிளேன்ல போகுமா? அப்ப அதுக்கு ஜன்னல் சீட்டு போடுங்க சார்!"

சார் ஒவ்வொரு படத்தின் கீழும் ஓர் அட்டையை ஒட்டிக்கொண்டு வந்தார். அட்டையில் அவரே ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தார். முத்துமீனா தன் படத்தின் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பாதி புரிந்தது. மீதியை சாரிடமே கேட்டாள்.

"முத்துமீனா. பாவப்பட்ட ஏழைச் சிறுமி. வண்ணமயமான வீட்டைக் கனவு காண்கிறாள்" என்று அவர் படித்துக் காட்டினார்.

முத்துமீனாவுக்குக் காது சூடாகிவிட்டது.

"கனவு இல்ல சார். நாங்க அதுக்குள்ளதான் தூங்குறோம்."

"சரி சரி. உங்க தெருவுல எங்கம்மா இம்புட்டு கலரு?"

"வந்து பாருங்க சார்!"

"வாரேன், வாரேன். ஒருநாள் வாரேன்" என்று சொல்லிவிட்டு, அவர் எல்லோரையும் பார்த்துத் திரும்பினார். "நாளைக்குப் போட்டோ எடுக்குறோம். எல்லாரும் பழைய துணி போட்டு வாங்க. எண்ணெய் தேய்க்க வேணாம். பூ வேணாம். போட்டோவைப் பார்த்தா மனசு இளகணும். அப்பத்தான் அடுத்த வருசமும் பெயிண்ட் அனுப்புவாங்க."

வீட்டில் இதைச் சொன்னபோது, முத்துமீனாவின் அம்மா ஜெயக்கொடி தையல் மிஷினை நிறுத்திவிட்டார்.

"போட்டோவுக்குப் பழசைப் போடுறதா? எவன்டி சொன்னது?"

இதே கேள்வியை அன்று தெருவில் எல்லா அம்மாக்களும் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலையில் வந்த பிள்ளைகளைப் பார்த்து செல்வக்குமார் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு பிள்ளைகூடப் பழைய துணியில் வரவில்லை. எல்லோர் மேலும் சித்திரைத் திருவிழாவுக்கு எடுத்த புதுத்துணி. பெண் பிள்ளைகளின் தலை நிறைய மல்லிகை. அழகுராஜாவின் முகத்தில் பவுடர் அப்பியிருந்தது. அவன் தும்மினால் புகை வந்தது.

"யாரு வீட்டுக் கல்யாணம்டா இது? போய் மூஞ்சியைக் கழுவுங்க! பூவை எடுங்க!"

ஒன்றிரண்டு பேர் எழுந்தார்கள். முத்துமீனா எழவில்லை.

"எடுக்க மாட்டேன் சார். எங்கம்மா வச்சுவிட்ட பூவு."

"அப்படின்னா உன் படம் கண்காட்சிக்குப் போகாது."

அந்தப் படம் போக வேண்டும் என்று முத்துமீனாவுக்கு ரொம்ப ஆசை. முன்பின் தெரியாத ஊரில் யாரோ ஒருவர் அப்பாவின் சுவர்களைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த அட்டையோடு போனால் பார்ப்பவர்கள் அதை நம்ப மாட்டார்களே! அப்பா அடித்த நான்கு சுவர்களும் வெறும் கனவாகிவிடுமே!

"போக வேணாம் சார். என் படத்தைக் குடுங்க."

சார் அதை எதிர்பார்க்கவில்லை. கேமராவைச் சரிசெய்யப் போய்விட்டார். லேனா அக்காவோ ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

முத்துமீனா தூரிகையை எடுத்து ஓர் ஓரமாக உட்கார்ந்தாள். கோபமாகத்தான் வரையத் தொடங்கினாள். போகப் போக அவளுக்கே சிரிப்பு வந்தது. முடித்ததும் கீழே ஓர் அட்டையை ஒட்டி, தமிழில் எழுதி, சுவரில் மாட்டினாள்.

பிள்ளைகள் ஓடிவந்து பார்த்தார்கள். அது லேனா அக்காவின் படம். தக்காளி மூக்கு. கையெல்லாம் கொசுக்கடி. முன்னால் ஊறுகாய், கண்ணில் குடம் குடமாகத் தண்ணீர். பின்னால் ஒரு வெள்ளை வீடு. முதல் நாள் லேனா அக்கா கைபேசியில் காட்டிய அவருடைய வீடு அது.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லேனா அக்காவும் சிரித்தபடியே அட்டையைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"அது ஒண்ணுமில்ல..." என்று சார் இழுத்தார்.

"படிங்க சார்! நேத்து அவளுக்குப் படிச்சீங்கள்ல!" என்றான் அழகுராஜா.

வேறு வழியில்லை. சார் முதலில் தமிழில் படித்தார். "லேனா. பாவப்பட்ட பெண். அம்மா பக்கத்தில் இல்லை. ஊறுகாய் தின்னத் தெரியாது. இவள் வீட்டில் எல்லாச் சுவரும் வெள்ளை. வண்ணமயமான வீட்டைக் கனவு காண்கிறாள்." பிறகு அதையே மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்.

லேனா அக்காவின் சிரிப்பு நின்றது. மூக்கோடு முகமும் சிவந்தது.

"நான் ஒண்ணும் பாவப்பட்டவ இல்லையே, என்னைக் கேக்காம நீ ஏன் இப்படி எழுதினேன்னு கேக்குறாங்க" என்றார் சார்.

"அதையேதான் நானும் கேக்குறேன்னு சொல்லுங்க சார்" என்றாள் முத்துமீனா. தன் பழைய படத்தை எடுத்து நீட்டினாள். "கூடவே, எங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க. இப்பவே."

சார் ஒரு சொல்லையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார்.

பூவும் பவுடருமாக மொத்தக் கூட்டமும் தெருவில் ஊர்வலம் போனது. கதவு திறந்துதான் இருந்தது. லேனா அக்கா தலை குனிந்து உள்ளே நுழைந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

ரோஸ். கிளிப்பச்சை. வானநீலம். மஞ்சளும் இன்னொரு மஞ்சளும்.

அவர் கையில் இருந்த படத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். பிறகு அந்த ஆங்கில அட்டையை உரித்து நான்காகக் கிழித்தார்.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம வெள்ளைக்காரம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்க? சட்டையாவது மாட்டிருப்பேன்ல!" என்று அப்பா துண்டைத் தேடினார். அம்மா எல்லோருக்கும் நன்னாரி சர்பத் கலக்கினார். தம்ளர் போதாததால் அழகுராஜா சொம்பில் குடித்தான். அவனுக்குத்தான் அதிகம் கிடைத்தது.

லேனா அக்கா வெற்று அட்டை ஒன்றை முத்துமீனாவிடம் கொடுத்தார். அவள் தமிழில் எழுதினாள்: "இது எங்கள் வீடு. நான் முத்துமீனா. சுவர்களுக்கு நிறம் அடித்தவர் என் அப்பா."

"இப்படி அனுப்பினா அடுத்த வருசம் பெயிண்ட் வருமோ வராதோ" என்று முணுமுணுத்தார் செல்வக்குமார் சார்.

"வரலேன்னா என்ன சார்? எங்கப்பாகிட்ட மிச்ச டப்பா இருக்கு. நாங்க சுவத்துல வரைவோம்."

"யாரு வீட்டுச் சுவத்துல?"

"உங்க வீட்டுச் சுவத்துலதான்!" என்றான் அழகுராஜா. சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு அவர் எடுத்த போட்டோக்களில் எல்லோரும் புதுத்துணியும் பூவுமாக இருந்தார்கள்.

ஊருக்குப் போகும்போது லேனா அக்கா தன்னுடைய படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். 'பாவப்பட்ட பெண்' என்ற அட்டையோடுதான்.

பள்ளி திறந்த பிறகு ஒருநாள், செல்வக்குமார் சார் கைபேசியோடு முத்துமீனாவின் வீட்டுக்கு வந்தார். லேனா அக்கா இரண்டு போட்டோ அனுப்பியிருந்தார். ஒன்றில் கண்காட்சி. முத்துமீனாவின் படத்துக்குக் கீழே அவளுடைய அட்டை இருந்தது. பக்கத்தில் ஆங்கிலத்தில் அதே மூன்று வரிகள்.

இன்னொன்றில் லேனா அக்காவின் வெள்ளை வீடு. அறைக்குள் ஒரு சுவர் மட்டும் பளீரென்று ரோஸ் நிறத்தில் இருந்தது. மூக்கின் மேலும் ரோஸ் பெயிண்டோடு லேனா அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பதில் அனுப்பட்டும்?" என்று கேட்டார் சார்.

முத்துமீனா போட்டோவைப் பெரிதாக்கி, மூலைகளை நன்றாகப் பார்த்தாள்.

"இன்னும் மூணு சுவரு பாக்கி இருக்குன்னு சொல்லுங்க சார்."